ஜன்னல் பக்கம்

பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தும் பட்டம் மட்டும் அவளுக்கு முன்கூட்டியே கிடைத்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் அவள் நர்சம்மா. அந்தப் பெயரை வைத்தவள் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. இரண்டாம் தடவையும் தேறவில்லை என்று தெரிந்த அன்று, அழுது வீங்கிய முகத்தோடு அவள் அப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரியாமல் உள்ளே நுழைந்த அத்தை, "என்ன நர்சம்மா, டூட்டியில இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்து, மருந்துக் கடை வரைக்கும் போய், கடைசியில் அவளுக்கே பழகிவிட்டது.

நர்சிங் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு வருஷத்துக்கு ஒரு முறைதான். அதற்கு வயது வரம்பு உண்டு. நர்சம்மாவுக்கு இது கடைசி வருஷம். இதை விட்டால் அடுத்த தடவை விண்ணப்பத்தைக்கூடத் தொடமாட்டார்கள். தேறினால் மூன்று வருஷம் விடுதியில் தங்கிப் படிப்பு, அதன்பின் நிச்சயமாக ஒரு வேலை. தேறாவிட்டால் இந்த அறை, இந்தக் கட்டில், கட்டிலில் அப்பா. அவள் கணக்கு அவ்வளவுதான். இதில் சேவை, தியாகம் என்று யாராவது பேச்செடுத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நர்ஸ் வேலையிலேருந்து தப்பிக்க நர்ஸ் வேலைக்குப் படிக்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி" என்று அத்தை சிரிப்பாள்.

"அங்க எட்டு மணி நேரம் அத்தை. அப்புறம் கையைக் கழுவிட்டுப் போய்ப் படுத்துக்கலாம்" என்பாள் நர்சம்மா. அவள் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அப்பா பஸ் ஓட்டியவர். ஒரு நாள் டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது படியிலேயே சரிந்தார். அத்தோடு வலது கையும் வலது காலும் அவர் சொல் கேட்பதை நிறுத்திவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, பேச்சு அடியோடு போயிற்று. அம்மா, நர்சம்மா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டிருந்தாள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. பாரத்தைப் பங்கு போட ஆளில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது வலது, இடது என்று ஆயிரம் சொல்லி அனுப்பினார்கள். வலது கையை நீவிவிட வேண்டும், இடது பக்கமாகத்தான் ஊட்ட வேண்டும், வலது கன்னத்துக்குள் சோறு தங்கிவிட்டால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், ஜாக்கிரதை. எதிரே நிற்கிறவளுக்கு எது வலது? அவருக்கு வலதா, தனக்கு வலதா? முதல் வாரம் முழுக்க அவள் நல்ல கையையே நீவு நீவு என்று நீவிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அதைப் பேசாமல் கொடுத்துக்கொண்டு கிடந்தார். பாவம், அவருக்கு அது சுகமாக இருந்திருக்கும். விஷயம் தெரிந்ததும் நர்சம்மா வலது, இடது இரண்டையும் வீட்டைவிட்டே துரத்தினாள்.

கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. எதிர்ப்பக்கம் தெருவைப் பார்த்த ஜன்னல். விழுந்த கை சுவரோரம், உயிருள்ள கை ஜன்னலோரம். அன்றிலிருந்து அந்த வீட்டில் சுவர்ப் பக்கம், ஜன்னல் பக்கம் என்றுதான் பேச்சு. சுவர்ப் பக்கக் கையை நீவிவிடு, ஜன்னல் பக்கமாக ஊட்டு, ஜன்னல் பக்கக் கையில் டம்ளரைக் கொடு. அத்தைக்கும் அது புரியும், அப்பாவுக்கும் புரியும். குழப்பத்துக்கே இடமில்லாத பேச்சு என்று நர்சம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

படிப்பும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் நடந்தது. எலும்புகளின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே அப்பாவின் முதுகைத் துடைப்பாள். நாடி பார்க்கப் பழகியது அவர் மணிக்கட்டில், மூச்சை எண்ணப் பழகியது அவர் மார்பில். கேள்விகளை அவள் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். விடை தவறிப் போய் அவள் தலையில் அடித்துக்கொண்டால், அவர் ஜன்னல் பக்கக் கையைத் தூக்கி விரலை ஆட்டுவார். திரும்பப் படி என்று அர்த்தம். எதையாவது மறுத்தால் அதே கையால் அவள் கையைத் தள்ளிவிடுவார். சாப்பாட்டு நேரத்தில்தான் அது அதிகம் நடக்கும்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவள் அப்பாவை நேசித்தாள், வெறுக்கவும் செய்தாள், பல நாட்கள் இரண்டும் ஒரே நாளில். விரிப்பை மாற்றிய கையோடு அவர் மறுபடி நனைத்துவிடும்போது அவள் மனத்தில் ஓடியதை வெளியே சொல்ல முடியாது. அப்படி ஓடிய நாட்களில் அவரைக் கூடுதல் கவனத்தோடு குளிப்பாட்டுவாள்.

அவள் போய்விட்டால் அப்பாவை யார் பார்ப்பது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. அத்தை இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கணவன் இல்லை, பிள்ளைகள் இல்லை, வாய் மட்டும் உண்டு. சட்டைக் காலரைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். கடையில் எல்லோரையும் அதட்டும் அந்த மனுஷி, அண்ணனுக்கு ஊட்டுவதென்றால் மட்டும் பின்வாங்குவாள். தொண்டையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வேன் என்று நடுங்குவாள். நர்சம்மா கெஞ்சினாள், கோபித்தாள், ஒரு வாரம் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். கடைசியில் அத்தை ஒரு வழிக்கு வந்தாள். பரீட்சை அன்று முழு நாளும் அண்ணனைத் தனியாகப் பார்த்துக்கொள்வேன், ஒரு நாள் தாக்குப் பிடித்தால் மூன்று வருஷமும் தாக்குப் பிடிப்பேன், நீ தேறினால் நான் பெட்டி படுக்கையோடு இங்கே வந்துவிடுகிறேன் என்றாள். ஆக, அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேருக்குப் பரீட்சை.

முந்தின நாள் மாலையே நர்சம்மா புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். அறைக்கு இருந்தது ஒரே ஒரு குழல்விளக்கு. அது அப்பாவின் தலைமாட்டுக்கு நேர் மேலே எரிந்தது. வழக்கமாக அவர் தூங்கும் நேரத்தில் அணைத்துவிடுவாள், அன்று முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்த, அவர் மூடிய இமைகளின் ஓரமாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் படிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். தலையணையைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோய், அப்பாவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மெல்ல மெல்லச் சுற்றி, தலை இருந்த இடத்தில் காலும் கால் இருந்த இடத்தில் தலையுமாகப் படுக்கவைத்தாள். இடுப்பு விட்டுப்போகிற வேலைதான். ஆனால் அவர் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். அவளும் நிம்மதியாகப் படித்தாள்.

காலையில் அத்தை வரும்போதே பரபரப்பு. நர்சம்மா ஒரு கையில் ஹால் டிக்கெட்டும் ஒரு கையில் தலைப்பின்னலுமாக நின்றுகொண்டு, கஞ்சி எங்கே இருக்கிறது, மாத்திரை எப்போது, துணி எங்கே என்று கொட்டிக்கொண்டிருந்தாள். அத்தை எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"என்ன, அண்ணன் இன்னைக்கு மாத்திப் படுத்திருக்கார்?" என்று அத்தை கேட்கவும் செய்தாள்.

"லைட்டு கண்ணைக் குத்துச்சு அத்தை. அதான் திருப்பிப் படுக்க வெச்சேன்" என்ற நர்சம்மா, அதே மூச்சில் சொன்னாள்: "பன்னெண்டு மணிக்குக் கஞ்சி குடுங்க. ஜன்னல் பக்கமா ஊட்டுங்க, மறந்துடாதீங்க. கையைத் தள்ளிவிடுவாரு, அடம் பிடிப்பாரு. விடாதீங்க. முழுக்க சாப்பிட வெச்சுடுங்க."

ஜன்னல் பக்கம், ஜன்னல் பக்கம் என்று அத்தை இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். அப்பா நர்சம்மாவைப் பார்த்து விரலை ஆட்டினார். அவள் அதைப் போய்வா என்று எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தேர்வு மையம் ஒரு பழைய பள்ளிக்கூடம். போன்களை வாசலிலேயே பிடுங்கிச் சாக்கில் போட்டார்கள். குழந்தைகளுக்கான குட்டை பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கண்காணிப்பாளர் வழுக்கைத் தலை, சாந்தமான முகம், விடாத இருமல். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம், எழுந்து போகிறவரின் தாள் அத்தோடு முடிந்தது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். முதல் பக்கத்தைப் புரட்டியதும் நர்சம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. எல்லாம் தெரிந்த முகங்கள். போன இரண்டு வருஷமும் தயங்கித் தயங்கி எழுதியவள், இந்தத் தடவை பேனாவை ஓடவிட்டாள்.

பாதிக்குமேல் போன பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தவருக்கு ஊட்டும்போது உணவை வாயில் எந்தப் பக்கம் வைக்க வேண்டும்? கீழே நான்கு விடைகள். அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதை எனக்கா வைக்கிறாய் என்று கேள்வித்தாளைப் பார்த்து மனத்துக்குள் கேட்டாள். செயலுள்ள பக்கம் என்று இருந்த இரண்டாவது விடைக்கு நேரே வட்டத்தைக் கறுப்பாக்கினாள். கறுப்பாக்கும்போதே மனம் தன் பாஷையில் சொல்லிக்கொண்டது: ஜன்னல் பக்கம்.

வட்டம் முழுதாகக் கறுப்பதற்குள் அவளுக்குக் கட்டில் தெரிந்தது. கால்மாட்டில் தலையணை, அதில் அப்பாவின் தலை. சுவரோரம் நல்ல கை. ஜன்னலோரம் விழுந்த கை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடிக்க இன்னும் நேரம் இருந்தது. இப்போது எழுந்து வாசலில் போனை வாங்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தை, மறுபக்கம் ஊட்டுங்க. அவ்வளவே. அந்த ஒரு வார்த்தைக்கு விலை இந்தத் தாள். இந்தத் தாளுக்கு விலை அவள் மிச்ச ஆயுசு.

அவள் கை தானாக உயர்ந்தது. கண்காணிப்பாளர் இருமிக்கொண்டே பக்கத்தில் வந்து குனிந்தார்.

"என்னம்மா?"

நர்சம்மா வாயைத் திறந்தாள். ஒரு போன் பண்ணணும் சார், எங்கப்பாவுக்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால் இவர் என்ன செய்வார்? நல்ல மனிதராகத் தெரிந்தார். ஒருவேளை அவரே போய்ச் சொல்லியும் இருப்பார். ஒருவேளை காப்பியடிக்க வழி பார்க்கிறாள் என்று வெளியே அனுப்பியும் இருப்பார். அந்த இரண்டாவது ஒருவேளைதான் அவள் கழுத்தைப் பிடித்தது.

"தண்ணி வேணும் சார்" என்றாள்.

அவர் போய் ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அவள் முழுவதையும் குடித்தாள்.

அதற்குப் பிறகு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவை எல்லாம் நியாயமாகத்தான் இருந்தன. அத்தைக்குக் கண் இல்லையா? விழுந்த கை எது என்று தொட்டால் தெரியாதா? அப்பாவே தள்ளிவிடுவார், அத்தை புரிந்துகொள்வாள். தள்ளினால் விடாதீங்க என்று சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கு வந்தபோது அதை அப்படியே அமுக்கினாள். ஒரு வேளை மாறி ஊட்டினால் ஆள் செத்தா போய்விடுவார்? அடுத்த கேள்வியைப் படித்தாள். அதற்கும் விடை தெரிந்தது. அதற்கடுத்ததற்கும் தெரிந்தது. கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியபோது அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. தன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவள் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

மணி அடித்ததும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். வாசலில் சாக்கைச் சுற்றி ஒரே கூட்டம். கிடைத்த போனில் கூப்பிட்டால் அத்தை எடுக்கவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று அவள் உயிரை வாங்கியது.

அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கலடி. தள்ளித் தள்ளி விட்டாரு, எத்தனை தடவை இருமினாரு தெரியுமா? நான் விடலயே. நீ சொன்ன மாதிரியே ஜன்னல் பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா, மொத்தத்தையும் ஊட்டிட்டேன். நான் பாஸ். நீ?"

நர்சம்மா நேராக உள்ளே போனாள். அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். சுவரோரக் கையின் விரல் முட்டிகளில் சுண்ணாம்பு ஒட்டித் தோல் உரிந்திருந்தது. ஸ்பூனைத் தள்ளித் தள்ளிச் சுவரில் இடித்திருக்கிறார். அவள் அவர் கன்னத்துக்குள் விரலை விட்டு, தங்கியிருந்த கஞ்சியை வழித்து எடுத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தாள். தலையணையைப் பழைய தலைமாட்டுக்குக் கொண்டுபோய், அப்பாவைத் தூக்கிச் சுற்றி, எப்போதும் போலப் படுக்கவைத்தாள். அத்தை காலைப் பிடித்து உதவினாள்.

மாலைக்குள் காய்ச்சல் அனலாக அடித்தது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார். யார் ஊட்டியது என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, எழுதிக்கொள்வதற்காகத்தான் கேட்டார்.

அத்தை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். "நான்தாங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற நர்சம்மா தரையைப் பார்த்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தோன்றியது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. மனசாட்சி உள்ளவர்களுக்கு இந்த இரண்டு சமாதானமும் எப்போதும் கைவசம் இருக்கும். அந்த வாரம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். கடைசி இரண்டு நாள் மூச்சுக்காக அவர் பட்ட பாட்டை எழுதவேண்டாம்.

சாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தை தானாகவே வலியப் போய்ச் சொன்னாள், என் கையால்தான் போனார் என்று. இல்லையில்லை, அவர் விதி முடிந்தது என்று அவர்கள் தேற்றினார்கள். அவள் தேறவில்லை. அவளுடைய வாய் நின்றுபோயிற்று. கடையில் இஸ்திரிப் பெட்டி சூடு தெரியாமல் சட்டைகளைக் கருக்கினாள். பக்கத்து வீட்டுக் குழந்தை பிஸ்கட்டுக்குக் கை நீட்டினால், உங்கம்மாகிட்ட வாங்கிக்கோ என்று தள்ளிப் போனாள். தனக்கே சோறு பிசைந்து வாயருகே கொண்டுபோனவள், பாதியில் தட்டில் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். நர்சம்மா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். பசித்தது.

பரீட்சை முடிவு வந்தது. நர்சம்மாவின் பெயர் பட்டியலில் மேலேயே இருந்தது. தெருவே வந்து கை குலுக்கியது. அப்பா இருந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று அழவும் செய்தது. சேரும்போது பெற்றோர் அல்லது பாதுகாவலர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. அவளுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அத்தை ஒருத்திதான். அந்தக் கையெழுத்து விழுகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று நர்சம்மா முடிவு செய்திருந்தாள். தன்னைப் பற்றி அவளுக்கு அப்போது ஒரு மயக்கமும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அத்தை வந்து அவளுடைய துணிகளை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் விளிம்பு பிசகாமல் மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். காலிக் கட்டில் சுவரோரம் கிடந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணணும் நீ. அங்க பெரிய பெரிய டீச்சருங்க இருப்பாங்க இல்ல? அவங்ககிட்ட கேக்கணும். இந்த மாதிரி, இந்த மாதிரி ஒருத்தி ஊட்டினா. சொன்ன பக்கம்தான் ஊட்டினா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊட்டினா. அப்புறம் எங்க தப்புனா? அதைக் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு. அவசரமில்ல, நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள சொன்னாப் போதும். தெரிஞ்சுட்டா நான் சாப்பிடுவேன்."

மூன்று வருஷம். ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் வந்து இறங்கும்போது அத்தை வாசலில் நிற்பாள், கேட்டியா என்று கேட்பாள். நர்சம்மாவால் எதை வேண்டுமானாலும் தாங்கியிருக்க முடியும், அதைத் தாங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க எங்கயும் தப்பல அத்தை. நான்தான் தப்பா சொன்னேன். முந்தின நாள் அவரைத் தலைமாடு கால்மாடு மாத்திப் படுக்க வெச்சேன். விழுந்த கை ஜன்னல் பக்கம் வந்துடுச்சு. நான் அதை மறந்துட்டு, பழைய மாதிரியே ஜன்னல் பக்கம்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

அத்தை காலிக் கட்டிலைப் பார்த்தாள். அதில் ஆளைப் படுக்கவைத்துப் பார்க்கிறவள் போல, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கண் போய்ப் போய் வந்தது. பிறகு தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள், இடது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஜில்லுன்னுதான் இருந்துச்சு அந்தக் கை" என்றாள். "இதுவா நல்ல கைன்னு எனக்கே தோணுச்சு. நீ படிக்கிறவளாச்சே, உனக்குத் தெரியாமயா சொல்லுவேன்னு விட்டுட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. பல நாள் கழித்து மூச்சு முழுதாக உள்ளே போய் வந்தது. அவசரத்தில் யாருக்கும் வருகிற மறதிதானே என்று அவளே சமாதானம் சொல்ல ஆரம்பித்தாள், நர்சம்மாவின் தோளில் கையும் வைத்தாள். அதோடு நின்றிருந்தால் எல்லாம் நின்றிருக்கும். ஆனால் அத்தை காலரைப் பார்த்தே ஆளைச் சொல்லுகிறவள். அந்தத் தோள் நடுங்கிய விதம் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"வந்ததும் வராததுமா அவரைத் திருப்பிப் படுக்க வெச்சியே" என்றாள் மெதுவாக. "நான்கூடக் காலைப் பிடிச்சேன். அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்ல இடம் இருந்தது. வீட்டுக்குள் வந்து பார்த்தபோது என்று சொல்லியிருந்தால் அத்தை நம்பியிருப்பாள். நம்பத்தான் அவளும் காத்திருந்தாள்.

"பரீட்சை ஹால்லயே தெரிஞ்சுது" என்றாள் நர்சம்மா. "எந்தப் பக்கம் ஊட்டணும்னு ஒரு கேள்வி வந்துச்சு. அதைப் பாத்ததும் தெரிஞ்சுது."

"நான் ஊட்டுறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

அத்தையின் கை தோளிலிருந்து விலகியது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு, கடையில் வாடிக்கையாளரிடம் சில்லறை கேட்கிற சாதாரணக் குரலில் அத்தை கேட்டாள்.

"அந்தக் கேள்விக்கு எத்தனை மார்க்கு?"

"ஒண்ணு, அத்தை."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். பெட்டியில் மிச்சமிருந்த இரண்டு துணிகளையும் மடித்து வைத்து, மூடியை அழுத்திப் பூட்டினாள். காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி வந்தாள். வழியெல்லாம் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளி அலுவலகத்தில் நீளமான வரிசை. அம்மாக்களும் அப்பாக்களும் பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். இவர்கள் முறை வந்ததும் குமாஸ்தா காட்டிய இடத்தில் அத்தை நிதானமாக, எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். நர்சம்மா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்மா?" என்று குமாஸ்தா அடுத்த கட்டத்தை நிரப்பப் பேனாவோடு நிமிர்ந்தார்.

"இவ அப்பாவுக்குத் தங்கச்சி."

"அது சரிம்மா. பொண்ணுக்கு என்ன முறைன்னு எழுதணும்."

அத்தை நர்சம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மேஜைமேல் வைத்தாள். பெட்டியைத் தாண்டி வெளியே நடந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். குமாஸ்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் தானாகவே அத்தை என்று எழுதி முத்திரை குத்தினார்.